நான்காவது துளை

எங்கள் வீட்டு முற்றத்தில் ஜீப் நிற்கும் இடம் மட்டும் கறுத்திருக்கும். பல பத்தாண்டுகளாகச் சொட்டிய எண்ணெய் சிமெண்டுத் தரைக்குள் இறங்கி உண்டாக்கிய கறை அது. அம்மா அதைக் கழுவிப் போக்க முயன்றதில்லை. காலையில் வாசல் தெளிக்க வரும்போது அதை ஒருமுறை பார்த்துக்கொள்வாள். பழைய கறையின்மேல் புதிதாக ஒரு பளபளப்பு தெரிந்தால் அப்பாவிடம் சொல்வாள். அப்பா குனிந்து விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்துவிட்டு, இது இஞ்சின் எண்ணெய், இது கியர் எண்ணெய், இது பிரேக் எண்ணெய் என்று சொல்லிவிடுவார். கியர் எண்ணெயில் கந்தகச் சேர்மானம் உண்டு. அதன் கனத்த நெடியை ஒருமுறை அறிந்தவர்கள் பிறகு மறப்பதில்லை. சிறுவயதில் அதை நாங்கள் அப்பாவின் வாசனையாகவே நினைத்திருந்தோம்.

இலக்கியம் பேசும் நண்பர்களுக்கு இது சற்று அந்நியமான விஷயமாக இருக்கலாம். ஒரு கியர்பாக்ஸைக் கழற்றி மீண்டும் மாட்டியதைப் பற்றிய கட்டுரை இது. அண்ணனும் தம்பியுமாக இருவர் சேர்ந்து எழுதுகிறோம். எந்த வேலையை யார் செய்தார் என்று இதில் பிரித்துச் சொல்லப்போவதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அது வரவேண்டிய இடத்தில் வரும்.

வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி, சித்தரேவு வழியாகப் பெரும்பாறைக்கும் தாண்டிக்குடிக்கும் ஏறும் மலைச்சாலை கீழ்ப்பழனி மலையைச் சேர்ந்தது. காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு விளையும் பகுதி. அங்கே எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. தார்ச்சாலையிலிருந்து தோட்டத்துக்குப் போகும் பாதை மண்ணும் பாறையும் கலந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் ஏறும். அதனால் எழுபதுகளில் வந்த மகிந்திரா ஜீப் ஒன்றைப் பழையதாக வாங்கி, அப்பா கடைசிவரை ஓட்டினார். 2008இல் அவர் இறந்தார். தோட்டத்தை அம்மா பார்த்துக்கொண்டாள். மதுரையில் வேலையில் இருந்த நாங்கள் விடுமுறைகளில் வந்து ஜீப்பைப் பார்த்துக்கொண்டோம்.

அந்த ஜீப்பில் இருப்பது டி-90 என்று அழைக்கப்படும் மூன்று கியர் பெட்டி. 1945இல் அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் பொதுமக்களுக்காக விற்கத் தொடங்கிய சிஜே-2ஏ ஜீப்பில் வந்தது. அதே வடிவம் பிற்பாடு நம் ஊர் ஜீப்புகளிலும் தொடர்ந்தது. வார்ப்பிரும்பால் ஆன கனத்த சிறு பெட்டி அது. எளிமையானது. ஏறத்தாழ முழங்கை நீளமே உள்ள அந்தப் பெட்டிக்குள்தான் மலையேறும் சக்தி முழுவதும் பல் மாறிப் போகிறது. வயதான டி-90 பெட்டிகளில் அடிக்கடி காணும் கோளாறு ஒன்று எங்கள் ஜீப்பிலும் வந்தது. இறக்கத்தில் காலை எடுத்தால் இரண்டாம் கியர் தானே கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒரு கையால் கியர்க் கம்பியை அழுத்திப் பிடித்தபடி கொஞ்ச நாள் ஓட்டினோம். 2011 செப்டம்பரில், காப்பி பறிப்புக்கு முன்பு, பெட்டியை இறக்கிவிடுவது என்று முடிவெடுத்தோம்.

வத்தலக்குண்டில் அப்பாவின் வண்டியை எப்போதும் பார்த்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். நாங்கள் அவரை மாமா என்று அழைப்போம். அப்போது அவருக்கு முழங்காலில் கடும் வலி. வண்டிக்கு அடியில் படுக்க முடியாது. "இறக்கி வையுங்க தம்பி, நான் ஒருநாள் வந்து உட்கார்ந்து பார்க்கிறேன்" என்றார். நாங்கள் அவருக்காகக் காத்திருக்கவில்லை. இருவரும் பொறியியல் படித்தவர்கள். வண்டியின் கையேட்டின் நகல் ஒன்றும் கையில் இருந்தது. அதுபோதும் என்று நினைத்தோம்.

பற்சக்கர வேலையில் எங்களுக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை. தேய்ந்த சின்க்ரோ வளையங்களையும் பேரிங்குகளையும் மாற்றினோம். சிரமம் மூடும்போது தொடங்கியது. ஒரு பெட்டியைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அதுவரை நாங்கள் யோசித்ததில்லை. திறக்கும்போது அவசரம் மன்னிக்கப்படும். மூடும்போது செய்யும் பிழையோ உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, நாம் அதை மறந்த பிறகு வெளியே வரும்.

கேஸ்கட் என்பதைப் பட்டறைகளில் பெரும்பாலும் பேக்கிங் என்பார்கள். இரண்டு இரும்பு முகங்களைச் சேர்த்து எவ்வளவு முடுக்கினாலும் அவை முழுமையாகச் சேர்வதில்லை. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் முகம் உருப்பெருக்கியில் மேடும் பள்ளமுமாக இருக்கும். மேடுகள் மட்டுமே தொட்டுக்கொள்ளும். பள்ளங்களின் வழியே எண்ணெய் மெல்ல ஊர்ந்து வெளியேறும். இரண்டு இரும்புக்கும் நடுவே, இரண்டையும்விட மென்மையான ஒன்று நசுங்கிப் பள்ளங்களை நிரப்ப வேண்டும். மெல்லிய அட்டைத் தாள் அந்த வேலையைச் செய்கிறது. இரும்பு இரும்போடு சேர்ந்திருப்பதற்கு நடுவில் ஒரு காகிதம் தேவைப்படுகிறது.

பழைய பேக்கிங்கைச் சுரண்டுவது முதல் வேலை. பல வருடச் சூட்டில் அது இரும்போடு ஒட்டி ஓடுபோல் ஆகியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிச் சுரண்டுவதுதான் எல்லோருக்கும் தோன்றும் வழி. அதைவிடக் கெட்ட வழி இல்லை. முகத்தின் குறுக்கே, உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை, தலைமுடி அளவுக்கு ஒரு கீறல் விழுந்தால் போதும், எண்ணெய்க்கு அது வாய்க்கால். நாங்கள் மூங்கிலைச் சீவி உளிபோல் ஆக்கிக்கொண்டு, தின்னரில் ஊறவைத்து ஊறவைத்துச் சுரண்டினோம். ஒரு முழுநாள் ஆயிற்று. சுரண்டியது பெட்டிக்குள் விழாமல் வாயில் பனியன் வேஸ்ட்டை அடைத்திருந்தோம். பழைய தாள் துண்டு துண்டாகத்தான் வந்தது. ஒன்றும் முழுதாக மிஞ்சவில்லை. பின்னால் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு மூடிகளைச் சோதித்தோம். முன்பு யாரோ அதிகமாக முடுக்கிய மூடி, போல்ட் துளைகளைச் சுற்றி மேடாக வீங்கியிருக்கும். நேர்விளிம்புள்ள எஃகு அளவுகோலை அதன்மேல் நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடைவெளி தெரியும். தகட்டு மூடி என்றால் தட்டையான இரும்புக் கட்டைமேல் வைத்து மெல்லத் தட்டி நேராக்கலாம். வார்ப்பு மூடி என்றால் கண்ணாடிமேல் எமரி தாளை விரித்து, அதன்மேல் மூடியை எட்டுப்போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்த பிறகு எமரித் தூள் ஒரு துகள்கூட உள்ளே போகக் கூடாது. இவையெல்லாவற்றையும் நாங்கள் செய்தோம். செய்தோம் என்று சொல்வது பெருமைக்காக அல்ல. இவ்வளவு கவனத்துக்கு நடுவிலும் தவறு நுழைந்தது என்பதற்காக.

அடுத்து, தாள் வெட்டுவது. மதுரையில் பேக்கிங் ஷீட் சுருளாகக் கிடைக்கும். கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று பல கனங்கள். எந்தக் கனம் என்பதில் அலட்சியம் கூடாது. முன்பக்க பேரிங்கை இடத்தில் நிறுத்திவைப்பது முன் மூடிதான். தாள் மிகவும் தடித்தால் பேரிங் முன்னும் பின்னும் அசையும். மிகவும் மெலிந்தால் மூடி பேரிங்கில் போய் முட்டிக்கொண்டு, பெட்டியின் முகத்தைத் தொடாமல் நிற்கும். அனுபவமுள்ளவர்கள் தாளைப் பெட்டியின் முகத்தின்மேலேயே வைத்து, சுத்தியலின் உருண்டைத் தலையால் விளிம்போரமாக மெல்லத் தட்டிப் போவார்கள். கூர்மையான இரும்பு விளிம்பே தாளை வெட்டிவிடும். முதலில் இரண்டு போல்ட் துளைகளைத் தட்டி, அவற்றில் போல்ட்டைச் செருகித் தாளை நகராமல் நிறுத்தி, பிறகு மற்றதைத் தட்டுவது முறை. அப்படித் தட்டும்போது பெட்டியில் என்னென்ன துளைகள் இருக்கின்றனவோ அவை எல்லாமே தாளில் தாமாகப் பதியும்.

எங்களுக்கு அந்த முறை முரட்டுத்தனமாகத் தோன்றியது. புதிய பேரிங்குகள் உட்கார்ந்திருக்கும் பெட்டிமேல் சுத்தியலால் தட்டுவதா? முன் மூடியைத் தாள்மேல் கவிழ்த்து வைத்து, கூர்மையான பென்சிலால் சுற்றி வரைந்து, கத்தரியால் வெட்டி, மூன்று போல்ட் துளைகளையும் வட்டப் பஞ்ச்சால் போட்டோம். கடையில் வாங்கியதைப் போன்ற நேர்த்தியுடன் வந்தது. மேசைமேல் வைத்து இருவரும் அதை ரசித்தோம்.

பெட்டியின் முன்முகத்தில், அந்த மூன்று போல்ட் துளைகளைத் தவிர, கீழ்ப்பக்கமாக இன்னொரு சிறு துளை இருந்தது. அதில் மரை இல்லை. மண்ணெண்ணெய்விட்டுச் சுத்தம் செய்தபோது அதையும் கம்பிவிட்டுத் துடைத்தோம். மூடியை மாட்டும்போது தாள் அதை மறைத்தது. "இது என்ன துளை?" என்று ஒருவர் கேட்டார். "போல்ட் இல்லாத துளை. வார்ப்பில் வந்திருக்கும்" என்றார் மற்றவர். கேட்டவருக்கும் அந்தப் பதில் போதுமாக இருந்தது.

மற்றவற்றை முறைப்படியே செய்தோம். ஆயில் சீல்களைப் பொருத்தும்போது சுருள்வில் தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கி இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். சீலின் ரப்பர் உதட்டில் எண்ணெய் தடவினோம். உலர்ந்த உதடு, சுழலும் தண்டின்மேல் முதல் சில நிமிடங்களிலேயே கருகிவிடும். இங்கே வியப்பான ஒரு செய்தி உண்டு. நல்ல சீல் தண்டை உலர்ந்து தொடுவதில்லை. உதட்டுக்கும் தண்டுக்கும் நடுவில் மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று எப்போதும் இருந்தாக வேண்டும். எண்ணெயைத் தடுப்பதற்காகவே இருக்கும் பொருள், சிறிதளவு எண்ணெய் இல்லாவிட்டால் செத்துப்போகிறது. தண்டின் பல்வரிசை உதட்டைக் கிழிக்காமல் இருக்க, அதன்மேல் வழவழப்பான நாடாவைச் சுற்றி, பிறகு சீலை நுழைத்தோம். அதே அளவு விட்டமுள்ள குழாய்த் துண்டை வைத்து, சாயாமல் தட்டி இறக்கினோம்.

போல்ட்டுகளை முதலில் விரலால் மட்டும் முடுக்கி, பிறகு எதிரெதிராக, மூன்று சுற்றில் இறுக்கினோம். உள்ளே பெட்டிவரை ஊடுருவிப் போகும் துளைகளில் மரையின் வழியாகவே எண்ணெய் ஏறி வரும் என்பதால், அந்த போல்ட்டுகளின் மரையில் பசை தடவினோம். அந்தக் காலத்து மெக்கானிக்குகள் இதற்குச் செல்லாக் தடவுவார்கள். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது. இப்போது சிலிகான் பசை. அது காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும். சில வகைகளில் காடி நெடி அடிக்கும். இதற்கு நேர் எதிரான பசை ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரின் டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னான் கிரீபிள் 1953இல் உருவாக்கியது. பின்னாளில் லாக்டைட் என்று பெயர் பெற்றது. காற்று படும்வரை அது திரவம். காற்று அற்று, உலோகத்துக்கு நடுவே அடைபட்டதும் கெட்டியாகிவிடும். எதுவானாலும் கொஞ்சமாகத் தடவ வேண்டும். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். அதே அளவு உள்ளேயும் பிதுங்கும், அது தெரியாது. சிலிகானின் பிசிறு எண்ணெயில் மிதந்து போய் எங்காவது சிறு வழியை அடைக்கும்.

வழியை அடைப்பதைப் பற்றி இவ்வளவு தெரிந்திருந்தோம்.

ஜீப் நன்றாக ஓடியது. இரண்டாம் கியர் கழலவில்லை. முற்றத்துக் கறைமேல் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவைத்தோம். அடுத்த நாள் காலை தாள் உலர்ந்திருந்தது. அம்மா அதை எடுத்து மடித்து வைத்துக்கொண்டாள். நாங்கள் மதுரை திரும்பினோம்.

நவம்பரில், அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்காக அவளை மதுரைக்கு அழைத்துப் போக வந்தோம். முந்தைய வாரம் முழுவதும் மழை. பெரும்பாறை தாண்டி இறங்கும்போது, இரண்டாம் கியரில் இருந்தும் வண்டி பிடிப்பில்லாமல் வேகமெடுத்தது. மலை இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்திவைப்பது பிரேக் மட்டும் அல்ல. கியரில் மாட்டியிருக்கும் இஞ்சினே அதை இழுத்துப் பிடிக்கும். இஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே இருக்கும் கிளச் தட்டில் எண்ணெய் படிந்துவிட்டால் அந்தப் பிடி வழுக்கிவிடும். இஞ்சின் தன் போக்கில் மெல்லச் சுற்ற, வண்டி தன் போக்கில் ஓடியது. கருகும் நெடி வந்தது. பிரேக்கை மிதித்து மிதித்து, அதுவும் சூடேறி மென்மையாகத் தொடங்கியபோது, அடுத்த வளைவுக்கு முன்பாக வண்டியை மலைப்பக்க மண்மேட்டில் சாய்த்து உரசி நிறுத்தினோம். யாருக்கும் காயமில்லை. அம்மா முன்கம்பியைப் பிடித்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை. இறங்கி அடியில் பார்த்தோம். கிளச் இருக்கும் கூட்டின் அடித்துளையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தோம். கியர் எண்ணெய்.

அங்கேயே, சாலையோரத்தில், அம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே சண்டை தொடங்கியது. நீ வெட்டிய தாள், நீ மாட்டிய மூடி. நீ முடுக்கியது சரியில்லை, நீ சுரண்டியது சரியில்லை. அப்பாவின் வண்டி என்பதும், தோட்டத்தை விற்பதா வைத்துக்கொள்வதா என்று இருவருக்கும் நெடுநாளாக இருந்த பேசாத பேச்சும் அதற்குள் வந்து கலந்தன. அம்மா பேருந்தில்தான் மதுரைக்குப் போனாள். அதன்பிறகு நான்கு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு ஒருவர் காலையில் வந்து போனார், மற்றவர் மாலையில் வந்தார். அந்த வருடக் காப்பியை வாடகை ஜீப்பில்தான் இறக்கினார்கள். இந்தக் காலத்தில் நாங்கள் தனித்தனியே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்; நூறு வேலைகளில் எதெது தான் செய்தது, எதெது அவன் செய்தது என்று.

2012 மார்ச்சில் அம்மா இருவருக்கும் தனித்தனியே சொல்லி அனுப்பினாள். வந்து பார்த்தால் மற்றவரும் நின்றார். ஜீப்பைக் கட்டியிழுத்து மாமாவின் பட்டறையில் விட்டிருந்தாள். அவர் ஒரு முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "இறக்குங்க" என்றார். பேசாமலேயே இருவரும் இறக்கினோம். கனமான பெட்டியை ஒருவர் மட்டும் இறக்க முடியாது. "பிடி", "விடு", "மெதுவா" என்ற மூன்று சொற்களாவது தேவைப்பட்டன.

முன் மூடியைக் கழற்றித் தரச் சொன்னார். நாங்கள் வெட்டிய தாள் அதில் ஒட்டியிருந்தது. எங்கும் கிழியவில்லை, எங்கும் நகரவில்லை. அதை நகத்தால் மெல்லப் பிரித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். நடுவே பெரிய வட்டம். சுற்றிலும் மூன்று புள்ளி வெளிச்சம்.

"நாலாவது எங்கே தம்பி?" என்றார்.

பிறகு பொறுமையாகக் காட்டினார். முன் பேரிங் திறந்த பேரிங். பற்சக்கரங்கள் அள்ளி வீசும் எண்ணெயில் கொஞ்சம் அந்த பேரிங்கின் குண்டுகளுக்கு நடுவே புகுந்து முன்பக்கம் வரத்தான் செய்யும். வரவும் வேண்டும், அப்படி வந்தால்தான் பேரிங் நனையும். வந்த எண்ணெய் மூடிக்குள் தேங்காமல் இருக்க, மூடியின் அடியில் ஒரு குழிவு விட்டிருக்கிறார்கள். அதற்கு நேராகப் பெட்டியில் ஒரு துளை. அந்த வழியாக எண்ணெய் பெட்டிக்குத் திரும்பிவிடும். நாங்கள் அந்தத் துளைமேல் நேர்த்தியான தாளை ஒட்டி அடைத்துவிட்டோம். திரும்பிப் போக வழியில்லாத எண்ணெய் மூடிக்குள் மட்டம் ஏறி, தண்டின் ஓரமாக வழிந்து, கிளச் தட்டுக்குப் போனது. முதல் நாள் செய்தித்தாள் உலர்ந்திருந்ததில் வியப்பில்லை. கூட்டுக்குள் சேர்ந்து, தட்டில் தெறித்து, அடித்துளைவரை வர அதற்கு நாள் பிடித்தது.

"ஒழுகாம இருக்கணும்னா எல்லாத்தையும் அடைக்கணும்னு நெனைக்கிறீங்க. இதுல வெளிய போற வழியும் இருக்கு, திரும்பி வர்ற வழியும் இருக்கு. திரும்பி வர்றத அடைச்சா, அது வெளியதான் போகும்."

தாளை மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டு, "யார் வெட்டினது?" என்று கேட்டார்.

நான்கு மாதமாக எங்கள் இருவருக்கும் தயாராக இருந்த பதில் அந்தக் கேள்விக்குத்தான். ஆனால் வெட்டியவர் துளையைப் பார்த்திருந்தார். மாட்டியவரும் பார்த்திருந்தார். ஒருவர் கேட்டிருந்தார், மற்றவர் பதில் சொல்லியிருந்தார், கேட்டவர் அதை ஏற்றிருந்தார். எங்கே ஒருவருடைய தவறு முடிந்து மற்றவருடையது தொடங்குகிறது என்று பிரிக்க, அந்தப் பட்டறையில் நின்றபோது எங்களுக்கு இயலவில்லை. "நாங்கதான் மாமா" என்ற பதிலே வந்தது. அதை எங்களில் யார் சொன்னது என்பதும் இப்போது நினைவில் இல்லை. அன்றிலிருந்து அந்தக் கியர்பாக்ஸைப் பற்றிப் பேசும்போது 'நாங்கள்' என்றே சொல்வது என்று ஆகிவிட்டது. இந்தக் கட்டுரையும் அதனால்தான் இப்படி எழுதப்பட்டிருக்கிறது.

புதிய தாளை மாமா சொன்ன முறையிலேயே வெட்டினோம். பேரிங்கின்மேல் துணியைப் போர்த்திவிட்டு, பெட்டியின் முகத்திலேயே தாளை வைத்து, உருண்டைத் தலையால் தட்டினோம். நான்கு துளைகளும் பதிந்தன. அவர் முக்காலியிலிருந்தபடியே இன்னும் இரண்டு இடங்களைக் காட்டினார். ஒன்று, பெட்டியின் மூச்சுத் துளை. ஓட ஓடப் பெட்டி சூடாகும். உள்ளே இருக்கும் காற்று விரியும். அது வெளியேறும் சிறு துளை சேறால் அடைத்துக்கொண்டால், அழுத்தம் எண்ணெயைச் சீல்களின் வழியே தள்ளும். புதுச் சீல் போட்டும் ஒழுகுகிறது என்று வரும் வண்டிகளில் முதலில் இதைத்தான் பார்ப்பாராம். மற்றொன்று, எண்ணெய் மட்டம். பக்கவாட்டுத் துளையின் விளிம்பில் எண்ணெய் வழியும்போது நிறுத்திவிட வேண்டும். நல்லதுக்குத்தானே என்று அதிகமாக ஊற்றினால் அதுவும் ஒழுகும்.

கிளச் தட்டைப் புதிதாக மாற்றினோம். எண்ணெய் குடித்த தட்டைக் கழுவிப் பயன்படுத்த முடியாது. கூட்டின் உட்புறம் முழுவதும் பெட்ரோலில் துடைத்து, ஒரு டப்பா முகப்பவுடரைத் தூவினோம். எண்ணெய் எங்கிருந்து புறப்படுகிறது என்று அறிய இதைவிட எளிய வழி இல்லை. இரண்டு நாள் ஓட்டியபின் கீழேயுள்ள தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தோம். பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

தோட்டத்தை விற்பதைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகுதான் வாய்விட்டுப் பேசினோம். எளிதாக இருக்கவில்லை. பல மாதம் பிடித்தது. விற்கவில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லிக்கொள்கிறோம்.

மாமா 2019இல் பட்டறையை மூடினார். ஜீப் இன்னும் ஓடுகிறது. இப்போதும் எங்கோ கொஞ்சம் சொட்டுகிறது. பின் அச்சுப் பக்கம் என்று நினைக்கிறோம். அடுத்த கோடையில் பார்க்க வேண்டும். அம்மா செய்தித்தாள் விரிப்பதை நிறுத்தவில்லை. மூன்று துளையுள்ள அந்தத் தாள், அப்பாவின் கருவிப் பெட்டியில், வண்டிக் கையேட்டின் பக்கங்களுக்கு நடுவே இருக்கிறது. கையேட்டைப் பிற்பாடு ஒருநாள் நிதானமாகப் புரட்டியபோது, முன் மூடியை மாட்டும் பத்தியில் எண்ணெய் திரும்பும் துளையைப் பற்றி ஒரு வரி இருந்தது. இருவருமே அந்தப் பக்கத்தை முன்பு படித்திருக்கிறோம்.

இப்போதெல்லாம் எந்த மூடிக்குத் தாள் வெட்டினாலும், மாட்டுவதற்கு முன்பு ஒருவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். மற்றவர் பெட்டியின் பக்கம் நிற்பார். இருவரும் துளைகளைச் சத்தமாக எண்ணுவோம். எண்ணிக்கை ஒத்துப்போனால்தான் மூடுவது.